வாழ்க்கை நோக்கத்தை எங்கே தேடுவது, எப்படி எழுதி வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது. பத்து வருடமாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் போதும், வீட்டில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் "இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. "பிடித்ததைச் செய்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது எதுவென்றே தெரியவில்லையே என்கிறார். போகிற போக்கில் அலுவலகத்தைப் பற்றியும் கொஞ்சம் புலம்பியிருக்கிறார்: புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் சந்தேகம் கேட்க இவரிடம்தான் வருகிறார்களாம், அதில் பாதி நாள் போய், சொந்த வேலை தேங்கிவிடுகிறதாம். கேள்வி இதுதான்: வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எப்படி வரையறுப்பது?

நான் பல வருடம் உளவியல் பாடம் எடுத்தவன். இதே கேள்வியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், ஓய்வு பெற்ற மறுமாதமே வந்து நின்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. "எதற்கு இதெல்லாம்?" என்ற எண்ணத்தோடு தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு ரசித்த எதுவுமே இப்போது ருசிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடிக்கிறது என்றால் இந்தப் பதிலைப் படிக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு பல நேரங்களில் தத்துவக் கேள்வி போல வேடம் போட்டுக்கொண்டு வரும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நோய்தான் முற்றும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதனால் மேலே போகலாம்.

"வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு குறைகள் இருக்கலாம். ஃபிராங்க் மார்ட்டெலா, மைக்கேல் ஸ்டெகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, என் வாழ்க்கை எனக்கே புரிகிறதா, நடந்தவற்றுக்குள் ஒரு கோர்வை தெரிகிறதா என்பது. இரண்டாவது, எந்தப் பக்கம் போகிறேன் என்ற திசை. மூன்றாவது, இந்த வாழ்க்கைக்கு ஒரு மதிப்பு உண்டா, நான் இருப்பதால் யாருக்காவது ஏதாவது வித்தியாசம் உண்டா என்பது. நோக்கம் என்று நாம் சொல்வது இரண்டாவதைத்தான். ஆனால் நோக்கம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களோடு அரை மணி நேரம் பேசினால், பெரும்பாலும் வலிப்பது மூன்றாவதாக இருக்கும். கணக்குப் பிரிவில் பத்து வருடம் இருந்த ஒருவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியாமல் இருக்காது. போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன என்பதுதான் தெரியாமல் இருக்கும். மருந்து வேறுபடும் என்பதால், உங்களுக்கு எது குறைகிறது என்று முதலில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தேடுவதும் இல்லாமையும் ஒன்றில்லை. ஸ்டெகரும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இன்றும் ஆய்வுகளில் பயன்படுகிறது. மொத்தம் 10 வாக்கியங்கள். ஐந்து, அர்த்தம் இருக்கிறதா என்று அளக்கும். மற்ற ஐந்து, தேடுகிறீர்களா என்று அளக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கையில் நிறைய வைத்துக்கொண்டே மேலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் எதுவும் இல்லாமல், தேடாமலும் நிம்மதியாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, தேடுகிறோம் என்பதாலேயே நம்மிடம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்தக் கேள்வி இவ்வளவு பாரமாக இருப்பதற்கு உங்கள் குணம் காரணம் இல்லை. மனித வாழ்க்கையின் நோக்கங்களை நம் முன்னோர் அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காகச் சொல்லி முடித்தார்கள். உறுதிப்பொருள் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அது எல்லாருக்கும் பொதுவான பட்டியல். ஆளுக்கு ஒன்று தனியாகத் தேட வேண்டியதில்லை. அரிஸ்டாட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் யோசித்தார். கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது, கைக்கு ஒரு வேலை இருக்கிறது, தச்சனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அப்படியானால் மனிதனாக இருப்பதற்கென்று ஒரு வேலை இருக்காதா என்று கேட்டார். அவர் சொன்ன விடையும் மனிதர் எல்லாருக்கும் பொதுவானதுதான்: அறிவைப் பயன்படுத்தி நற்பண்போடு செயல்படுவது. பிறகு நூற்றாண்டுகள் உருண்டோடி, 1945இல் பாரிஸில் ஒரு சொற்பொழிவில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் இதைத் தலைகீழாக்கினார். காகிதம் வெட்டும் கத்தியைச் செய்கிறவன் அது எதற்கு என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறான், மனிதனை அப்படி யாரும் செய்யவில்லை, அவன் முதலில் இருக்கிறான், பிறகு தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்றார். கேட்க விடுதலையாக இருக்கிறது. ஆனால் ஊரே சேர்ந்து சுமந்த மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றியதும் அங்கேதான். "எனக்கென்று ஒரு தனி நோக்கம் இருந்தே ஆக வேண்டும்" என்ற தவிப்பு அப்படி வந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் நோக்கம் தெளிவாக இருப்பது போல நமக்குத் தோன்றும். வில்லியம் டேமன் என்ற உளவியலாளர் அமெரிக்க இளைஞர்களிடம் ஆராய்ந்து 2008இல் எழுதியபோது, தெளிவான நோக்கத்தோடு இயங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான்.

தெளிவாக வரையறுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கதையைச் சொல்வேன். மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கியவர். பதினைந்து வயதில், அப்பாவின் நண்பரான தத்துவவாதி பெந்தமின் எழுத்தைப் படித்ததும், உலகத்தைச் சீர்திருத்துவதே தன் வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டார். அவ்வளவு துல்லியமான நோக்கம் அந்த வயதில் யாருக்கு வாய்க்கும்? 1826ஆம் ஆண்டு, இருபது வயதில், ஒரு நாள் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். "நீ விரும்பும் சீர்திருத்தம் எல்லாம் இந்த நொடியே நடந்து முடிந்துவிட்டால் உனக்குப் பெரிய மகிழ்ச்சி வருமா?" உள்ளே இருந்து வந்த பதில்: வராது. அதோடு எல்லாம் சரிந்துவிட்டது. மாதக்கணக்கில் இயந்திரம் போல வேலை செய்தார். அப்புறம் ஒரு நாள் ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்பில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பேன் என்று உறுதி கொள்ளும் இடத்தைப் படிக்கும்போது அழுகை வந்தது. அழ முடிகிறது என்று தெரிந்ததும் பாரம் குறைந்தது என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மில்லின் நோக்கத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது அப்பாவும் அப்பாவின் நண்பரும் அவருக்குத் தைத்துக் கொடுத்த சட்டை. அறிவு அதைப் போட்டுக்கொண்டது, மனசு போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது, அந்தச் சரிவுக்குப் பிறகு அவர் கண்ட ஒன்று: மகிழ்ச்சியை நேராகக் குறி வைத்தால் அது நழுவும். வேறு எதிலாவது, பிறர் நலனிலோ ஒரு கலையிலோ, கண்ணை வைத்திருந்தால் வழியில் அதுவாக வந்து சேரும். நோக்கத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். "என் நோக்கம் என்ன?" என்று நாள் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரிவதில்லை.

அப்படியானால் எங்கே பார்ப்பது? இங்கே காந்தியை எடுத்துக்கொள்கிறேன். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு மறு வருடம் நடந்ததுதான் பிடிக்கும். 1893இல் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது ஒரு வணிகரின் வழக்கு வேலைக்காக, ஒரு வருட ஒப்பந்தத்தில். வழக்கு முடிந்தது. 1894இல் ஊர் திரும்பத் தயாரானார். அவருக்கு வழியனுப்பு விருந்து நடக்கிறது. அங்கே கிடந்த செய்தித்தாள்களைப் புரட்டும்போது ஒரு மூலையில் சின்னச் செய்தி: இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா. விருந்துக்கு வந்தவர்களிடம் கேட்டால், எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்கிறார்கள். அவர் விளக்குகிறார். நீங்கள் இருந்து வழி காட்டினால் செய்கிறோம் என்கிறார்கள். சரி, ஒரு மாதம் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். நடுவில் சில பயணங்கள் போக, அந்த ஒரு மாதம் 1914 வரை நீண்டது.

அந்த விருந்தில் மூன்று பொருட்கள் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. ஏற்கெனவே கையில் இருந்த ஒரு திறமை, அதாவது சட்டம் படித்த கண். அதே செய்தியை மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்தது, பார்த்த பிறகு பார்க்காதது போல இருக்க முடியாத ஒரு அநியாயம். ஒரு வருடம் அந்த ஊரில் அடிபட்டதால் வந்த கூர்மை அது. கடைசியாக, "நீங்கள் இருங்கள்" என்று கேட்ட மனிதர்கள். தன்னை அறிவது பற்றிப் பேசுகிறவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என் அனுபவத்தில் நோக்கம் என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்பதில்தான் தொடங்குகிறது. நாம் செய்வது ஒப்புக்கொள்வது.

விக்டர் ஃபிராங்கல் சொன்னதும் இதே திசையில்தான். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், யூதர். 1942இல் குடும்பத்தோடு நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆஷ்விட்ஸில் அவருடைய முதல் நூலின் கையெழுத்துப் பிரதி பறிபோனது. தந்தை, தாய், மனைவி மூவரையும் வெவ்வேறு முகாம்களில் இழந்தார். டைஃபஸ் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் கிடைத்த துண்டுக் காகிதங்களில் அந்த நூலை மறுபடி குறித்து வைத்தார். விடுதலைக்குப் பிறகு அவர் எழுதியதன் மையம் இது: வாழ்க்கையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்பதை விட்டுவிட்டு, வாழ்க்கை நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்கும் நாற்காலியில் வாழ்க்கை இருக்கிறது, பதில் சொல்லும் இடத்தில் நாம் இருக்கிறோம். அந்தப் பதிலை மூன்று வழிகளில் சொல்லலாம் என்றார்: ஒரு வேலையைச் செய்து முடிப்பதில், ஒருவரையோ ஒன்றையோ ஆழ்ந்து நேசிப்பதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்தில். கவனியுங்கள், மூன்றில் ஒன்றுதான் வேலை சம்பந்தப்பட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் "எனக்கு ஒரு நோக்கமும் இல்லை" என்று என்னிடம் சொன்னபோது, கோபம்கூட வந்தது.

இப்போது "பிடித்ததைச் செய்" என்ற அறிவுரைக்கு வருவோம். பிடித்தது ஒன்று உள்ளுக்குள் ரெடியாக இருக்கிறது, தோண்டி எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு அடியில் இருக்கிறது. ஓகீஃப், ட்வெக், வால்டன் என்ற மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மாணவர்களுக்குக் கருந்துளைகள் பற்றிய சுவாரசியமான காணொளி ஒன்றைக் காட்டினார்கள். எல்லாருக்கும் ஆர்வம் வந்தது. உடனே அதே விஷயம் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரையைக் கையில் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்தது, கண்டுபிடிக்க வேண்டியது என்று நம்பியவர்களின் ஆர்வம் மற்றவர்களைவிட வேகமாக வடிந்துவிட்டது. கடினமானதும், "ஓ, இது எனக்கானது இல்லை போலிருக்கிறது" என்று கழன்றுகொள்கிறார்கள். ஆர்வம் வளர்க்க வளர்க்க வளர்வது என்று நினைத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எனக்குப் பிடித்தது எதுவென்றே தெரியவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எதிலாவது முதல் மூன்று வாரத்துக்கு மேல் நின்று பார்த்தீர்களா?

தெரிந்த பிறகும் காலம் பிடிக்கும் என்பதற்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் சாட்சி. 1837 பிப்ரவரியில், 16 வயதில், இறைவன் தன்னைத் தொண்டுக்கு அழைத்ததாகக் குறித்து வைத்தார். என்ன தொண்டு என்று தெரியவில்லை. செவிலியர் வேலைதான் என்று தெளிந்து, வீட்டின் எதிர்ப்பைக் கடந்து, முதல் பொறுப்பை ஏற்க 1853 ஆகிவிட்டது. பதினாறு வருடம். டார்வினைக் கேட்டால் இன்னும் வேடிக்கை: மருத்துவம் படிக்கப் போய், அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் விட்டு, பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜ் போய், வண்டு பிடித்துக்கொண்டு திரிந்து, 1831இல் எதிர்பாராமல் வந்த ஒரு கப்பல் பயண வாய்ப்பில் ஏறினார். வண்டு பிடித்தது அன்று பார்ப்பவருக்கு வீண்பொழுதாகத்தான் தோன்றியிருக்கும்.

"இகிகாய்" படத்தையும் சொல்லாமல் விட முடியாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: நான்கு வட்டங்கள், உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது, நடுவில் சந்திக்கும் இடம் இகிகாய். ஜப்பானின் பழைய ஞானம் என்று பரவிய இந்தப் படம் ஜப்பானிலிருந்து வரவே இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரெஸ் சுசுனாகா வரைந்த நோக்கப் படத்தின் நடுவில், 2014இல் மார்க் வின் என்பவர் இகிகாய் என்ற சொல்லைப் பொருத்தி வலைப்பதிவில் போட்டார். அவ்வளவுதான். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல், வாழ்வதற்குச் சுவை தரும் எதையும் குறிக்கும். பேரக்குழந்தையாக இருக்கலாம், காலை நடையாக இருக்கலாம். காசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பற்றி 1966இல் ஆழமாக எழுதிய மனநல மருத்துவர் மியேகோ காமியா, தொழுநோயாளிகள் வாழ்ந்த ஒரு தீவு மருத்துவமனையில் பணியாற்றியவர். எல்லாம் பறிக்கப்பட்டவர்களிடையே சிலருக்கு மட்டும் வாழும் சுவை எப்படி மிஞ்சுகிறது என்பதே அவருடைய கேள்வி. நான்கு வட்டமும் கூடும் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கூடாவிட்டால் வாழ்க்கையே பிழை என்பது போல அந்தப் படம் பேசுகிறது. அது எனக்கு ஒப்பவில்லை. சோறு போடும் வேலையும் சுவை தரும் வேலையும் வேறுவேறாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வேலைக்குள்ளேயே தேடுவதென்றால்கூட, பதவிப் பெயரில் தேடாதீர்கள். ஏமி ரெஸ்னெஸ்கியும் மற்றவர்களும் 1997இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வேலையைச் சிலர் பிழைப்பாகப் பார்க்கிறார்கள், சிலர் முன்னேறும் ஏணியாக, சிலர் தங்களுக்கான அழைப்பாக. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம். இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரே மாதிரிப் பதவியில் இருந்த 24 நிர்வாக உதவியாளர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே மூன்று சம பங்கு. பின்னர் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியபோது, சிலர் தரையைத் துடைப்பது மட்டும் என் வேலை என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடு பேச்சுக் கொடுத்தார்கள், செவிலியருக்கு இடைஞ்சல் வராமல் தங்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், குணமாக்குவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். பதவி ஒன்றுதான், வேலை இரண்டு.

சரி, நடைமுறைக்கு வருவோம். "உன் இரங்கல் செய்தியில் என்ன எழுத வேண்டும் என்று யோசி" என்று ஒரு பயிற்சி உண்டு. வகுப்பில் நானே கொடுத்திருக்கிறேன், பிறகு நிறுத்திவிட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி மேடைப் பேச்சுதான் எழுதித் தருவார்கள். அதற்குப் பதிலாகக் கழிந்த செவ்வாய்க்கிழமையை எழுதச் சொன்னேன். காலை முதல் இரவு வரை எங்கே நேரம் போனது, யாரும் சொல்லாமல் எதைச் செய்தீர்கள், எதைப் பார்த்து எரிச்சல் வந்தது, யார் எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள். ஒரு மாதம் இப்படி நாலு வரி எழுதி வாருங்கள். "எனக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்விக்கு மனசு பொய் சொல்லும். பழைய செவ்வாய்க்கிழமைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எரிச்சலைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். "இதைக்கூட ஒழுங்காகச் செய்ய மாட்டார்களா?" என்று உங்களுக்கு எங்கே அடிக்கடி தோன்றுகிறதோ, அங்கே மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். பொறாமையும் அப்படித்தான். வெட்கப்பட்டு மூடி வைக்காமல், எடுத்து உடைத்துப் பாருங்கள். ஒரு எழுத்தாளர் மீது பொறாமையா? அவருடைய பெயர் மீதா, அல்லது விடிகாலையில் தனியாக உட்கார்ந்து ஒரே பத்தியை ஒன்பது முறை அடித்துத் திருத்தும் அந்த உழைப்பின் மீதா? எந்த வேலைக்கும் ஒரு அலுப்பான பாதி உண்டு. அந்த அலுப்பு மீதும் உங்களுக்கு ஆசை இருந்தால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. பெயர் மீது மட்டும் என்றால், விட்டுவிடலாம்.

பிறகு சின்னச் சோதனை. வேலையை விட வேண்டாம், படிப்பில் பணத்தைக் கொட்ட வேண்டாம், யாரிடமும் அறிவிக்கவும் வேண்டாம். ஆறு வாரம், வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். சொல்லிக்கொடுக்க ஆசை என்றால் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரத்து உற்சாகத்தை நம்ப வேண்டாம், புதுசு எல்லாமே இனிக்கும். நான்காவது வாரம், மழையோ தலைவலியோ இருக்கும்போதும் போனீர்களா என்று பாருங்கள். தவறிய சோதனையும் வீண் இல்லை. வான்கோ ஓவியம் விற்கும் கடையிலும் புத்தகக் கடையிலும் பள்ளியிலும் இருந்து, சுரங்கத் தொழிலாளர்களிடையே மதபோதகராகவும் தோற்ற பிறகுதான், 1880இல் 27 வயதில் ஓவியராவது என்று முடிவு செய்தார். அவருடைய தொடக்க காலச் சித்திரங்களில் அந்த உழைப்பாளிகளைப் பார்க்கலாம்.

இனி வரையறை. தமிழில் நோக்கம் என்ற சொல் நோக்கு என்பதிலிருந்து வருகிறது. நோக்கு என்றால் பார். இலக்கு என்பது அம்பு போய்த் தைக்கும் புள்ளி. இலக்கை அடைந்தால் அது முடிந்தது. நோக்கம் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்வது, அதற்கு முடிவு கிடையாது. மில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். எல்லாம் நடந்து முடிந்தால் என்று கேட்க முடிகிற ஒன்றை, அவர் வாழ்க்கையின் ஒரே தூணாக வைத்துவிட்டார். வீடு கட்டுவது, பதவி உயர்வு, நாற்பது வயதுக்குள் இவ்வளவு சேமிப்பு எல்லாம் இலக்குகள். நல்லவைதான். நோக்கத்துக்குக் கீழே வரிசையாக உட்கார வேண்டியவை.

எழுதும்போது வினைச்சொல்லில் முடியுங்கள். "ஆசிரியர்" என்று எழுதினால் அது பதவி. "புரியவைப்பது" என்று எழுதினால் அது வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடியது. யாருக்கு என்பதைச் சேருங்கள். டேமனின் வரையறையில் எனக்குப் பிடித்த பகுதி, நோக்கம் என்பது தனக்கும் அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும், தனக்கு வெளியே உள்ள உலகத்தையும் தொட வேண்டும் என்பது. இரண்டில் ஒன்று குறைந்தால் ஒரு பக்கம் சுயநலம், மறு பக்கம் வெறும் கடமை. "சமுதாயத்துக்கு நல்லது செய்வது" என்று எழுதாதீர்கள். அதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதை வைத்து எதுவும் செய்யவும் முடியாது. "எண்களைக் கண்டு மிரளுகிறவர்களுக்குக் கணக்கைப் பயமில்லாமல் புரியவைப்பது" என்று எழுதினால் நாளை காலை என்ன செய்வது என்று தெரியும்.

எழுதிய வாக்கியத்தை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் முக்கியமாகச் சோதிப்பேன்: இந்த வாரம் எதற்கு "முடியாது" சொல்லும்படி இது உங்களைக் கேட்கிறது? எதற்கும் இல்லை என்றால் அது சுவரில் மாட்டும் வாசகம், அவ்வளவுதான். வேலை போனாலும் எழுபது வயதிலும் ஏதோ ஒரு வடிவில் செய்ய முடியுமா என்றும் பாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு நொறுங்கிப்போகிறவர்களில் பலர் நோக்கத்தைப் பதவிக்குள் பூட்டி வைத்திருந்தவர்கள். பென்சிலால் எழுதி, தேதி போட்டு வையுங்கள். வருடம் ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள். ஒரு வாழ்க்கைக்கு ஒரே நோக்கம் என்று சட்டம் எதுவும் இல்லை. குழந்தை சின்னதாக இருக்கும் வருடங்களில் ஒன்று முன்னால் நிற்கும், பிறகு வேறொன்று வரும்.

நோக்கம் இருந்தால் ஆயுள் கூடும் என்று படித்திருப்பீர்கள். ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் சுமார் 6,000 பேரை 14 வருடம் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், நோக்க உணர்வு அதிகம் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. இளையவர், முதியவர் இருவருக்கும் அப்படியே. ஜப்பானில் ஒசாகி என்ற இடத்தில் 43,391 பேரிடம் "உங்களுக்கு இகிகாய் இருக்கிறதா?" என்று கேட்டு, 7 வருடம் கவனித்து 2008இல் வெளியான ஆய்விலும் இதே போக்கு. ஆனால் அங்கே இல்லை என்று சொன்னவர்களில் வேலையில்லாதவர்களும் ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களும் அதிகம். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், எது காரணம் எது விளைவு என்பதை இப்படிப்பட்ட ஆய்வுகளால் முழுதாகப் பிரித்துவிட முடியாது. அதனால் மாத்திரை விழுங்குவது போல நோக்கத்தைத் தேட வேண்டாம். நோக்கம் இருப்பதே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். வரலாற்றின் கொடியவர்களில் பலருக்கு அசைக்க முடியாத நோக்கம் இருந்தது. அதனால், நீங்கள் எழுதும் நோக்க வாக்கியத்தில் எந்த வழியில் என்பதையும் சேருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். பிடித்தது எதுவும் இல்லை என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதன் நடுவில், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சந்தேகம் கேட்க உங்களிடம்தான் வருகிறார்கள், பாதி நாள் அதிலேயே போகிறது என்று ஒரு குறை. அந்த அலுவலகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லையா? இருப்பார்கள். அவர்களை விட்டு ஏன் உங்களிடம் வருகிறார்கள்? நீங்கள் ஏன் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை? சொந்த வேலை தேங்குகிறது என்று தெரிந்தும், பாதி நாளை அங்கே கொடுத்திருக்கிறீர்கள். மேலதிகாரி யாரும் சொல்லாமல், அதற்கென்று தனிச் சம்பளமும் இல்லாமல்.

இதுதான் உங்கள் நோக்கம் என்று நான் சொல்லவில்லை, அது எனக்கு எப்படித் தெரியும்? சோதித்துப் பார்க்கலாம். வருகிறவர்களை வந்த நேரத்துக்கெல்லாம் பார்க்காமல், புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். சந்தேகங்களை அன்று கொண்டுவரச் சொல்லுங்கள். எது யாருக்கு ஏன் புரியவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஆறு வாரம். நடுவில் ஏதோ ஒரு புதன்கிழமை ஒருவரும் வர மாட்டார்கள். அன்று மாலை உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.